மிஞ்சிய கிளிசரின், விஞ்சிய வேதியியல்

பயோடீசல் ஆலைகள் பெருகப் பெருக, கூடவே கிளிசரினும் பெருகியது. வாங்க ஆளில்லாமல் தேங்கிய அந்தச் சரக்குக்கு வினையூக்கிகள் ஒரு விலையை உண்டாக்கின. அந்த விலையே பிறகு சில ஆலைகளின் கணக்கைப் புரட்டிப்போட்டது.

அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் இருக்கும் தொழில் நகரம் ஃப்ரீபோர்ட். அங்கே டவ் கெமிக்கல் நிறுவனம் பெட்ரோலியத்திலிருந்து வரும் புரொப்பலீன் வாயுவைக் கொண்டு கிளிசரின் தயாரித்துவந்தது. 2006-ல் அந்த ஆலையை இழுத்து மூடிவிட்டார்கள். சோப்பு, பற்பசை, மருந்து என்று கிளிசரினைப் பயன்படுத்துகிறவர்கள் யாரும் அதைக் கைவிட்டுவிடவில்லை. ஆனால், பயோடீசல் ஆலைகளிலிருந்து வெளிவந்த கிளிசரின் சந்தையை நிரப்பிவிட்டது. பெட்ரோலியத்தைச் செலவழித்து அதே பொருளைத் தயாரிப்பது வீண் வேலையாகிப்போனது.

அடுத்த ஆண்டே பிரான்ஸின் தவோ என்ற ஊரில் சால்வே நிறுவனம் புதிய ஆலை ஒன்றைத் தொடங்கியது. பழைய முறையில் புரொப்பலீன் முதலில் அல்லைல் குளோரைடாகும், பிறகு எபிகுளோரோஹைட்ரினாகும், கடைசியில் கிளிசரினாகும். தவோவில் கிளிசரினை உள்ளே விட்டு எபிகுளோரோஹைட்ரினை வெளியே எடுத்தார்கள். இடையில் வரும் பொருள்கள் ஏறக்குறைய அதேதான். வண்டி ஓடிய திசைதான் தலைகீழ். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து பாடுபட்டுத் தயாரித்த ஒரு பொருள், சட்டென்று மலிவான மூலப்பொருளாக மாறியது.

மலிவு விலைப் பொருளை நல்ல விலைப் பொருளாக்க உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் போட்டி போட்டன. செம்பு, தங்கம், பிளாட்டினம், சியோலைட், கரிம அமிலம் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார்கள். சோதனைக் குடுவையில் பல வழிகள் பலித்தன. ஆலை வரைக்கும் வந்து நிலைத்தவை சில மட்டுமே. ஏன் என்று பார்த்தால், விடையில் பாதி வேதியியலில் இருக்கிறது. மறுபாதி விலைப்பட்டியலில் இருக்கிறது.

பத்துக்கு ஒன்று

தேங்காய் எண்ணெய், பாமாயில், ஓட்டலில் வடை பொரித்து முடித்த பழைய எண்ணெய் எல்லாவற்றுக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். கிளிசரினிலிருந்து வந்த ஒரு முதுகெலும்பு. அதில் தொங்கும் மூன்று நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள். இந்த எண்ணெய் கெட்டியானது என்பதால் டீசல் எஞ்சினுக்கு ஒத்துவராது. மெத்தனாலையும் கொஞ்சம் காரத்தையும் சேர்த்து 60 டிகிரி செல்சியஸ் அளவில் கலக்கினால், மூன்று சங்கிலிகளும் கிளிசரினை விட்டுவிட்டு மெத்தனாலோடு சேர்ந்துகொள்ளும். அப்படிச் சேர்ந்ததுதான் பயோடீசல். தனியாகக் கழன்ற கிளிசரின் எடை மிகுந்தது; தொட்டியின் அடியில் போய்த் தங்கும்.

100 கிலோ பயோடீசல் எடுத்தால் சுமார் 10 கிலோ கிளிசரின் வந்தே தீரும். எண்ணெயின் அமைப்பிலேயே பொதிந்திருக்கும் விகிதம் அது. எந்தப் பொறியாளராலும் அதைக் குறைக்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2003-ல் ஓர் இலக்கு வைத்தது. 2010-க்குள் போக்குவரத்து எரிபொருளில் 5.75 சதவீதம் உயிரி எரிபொருளாக இருக்க வேண்டும் என்றது. அமெரிக்கா வரிச்சலுகை கொடுத்தது. பயோடீசல் ஆலைகள் முளைத்தன. அவற்றோடு கிளிசரினும் குவிந்தது. 2006 வாக்கில் அமெரிக்காவில் சுத்திகரிக்காத கிளிசரின் ஒரு பவுண்டு 5 சென்ட்டுக்கும் கீழே போனது.

இப்போது இந்தக் கதையின் மையம் இந்தோனேசியா. அந்நாட்டில் டீசலோடு பாமாயில் பயோடீசல் கலப்பது கட்டாயம். 2020-ல் 30 சதவீதம், 2023-ல் 35 சதவீதம், 2025-ல் 40 சதவீதம் என்று கலப்பு விகிதம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 2025-க்கு ஒதுக்கிய பயோடீசல் மட்டும் 1.56 கோடி கிலோலிட்டர். பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பார்த்தால் 10 லட்சம் டன்னுக்கும் மேல் கிளிசரின் அதனோடு சேர்ந்தே பிறக்கிறது.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. கிளிசரின் வேண்டும் என்பதற்காக யாரும் பயோடீசல் தயாரிப்பதில்லை. அதன் வரத்தை முடிவு செய்வது ஜகார்த்தாவிலும் பிரஸ்ஸல்ஸிலும் பிரேசிலியாவிலும் எழுதப்படும் எரிபொருள் கொள்கை. தேவை கூடினாலும் குறைந்தாலும் வரத்து அசையாது. இப்படிப்பட்ட சரக்கை நம்பி ஆலை கட்டுகிறவர், தன் கையில் இல்லாத குழாயிலிருந்து தண்ணீர் பிடிக்க வேண்டியிருக்கிறது.

தேடி அலைந்த காலம்

கிளிசரினுக்காக நாடுகள் தவித்த காலமும் இருந்தது. ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே 18-ஆம் நூற்றாண்டில் ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடோடு சூடாக்கி, இனிப்புச் சுவையுள்ள இந்தத் திரவத்தைப் பிரித்தெடுத்தார். 1847-ல் இத்தாலியின் சொப்ரேரோ அதை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்து நைட்ரோகிளிசரின் செய்தார். அது தொட்டால் வெடிக்கும் ரகம். 1864-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த வெடிவிபத்தில் ஆல்ஃபிரட் நோபலின் தம்பி எமில் இறந்துபோனார். அதன் பிறகும் நோபல் விடவில்லை. நைட்ரோகிளிசரினை ஒருவகை மண்ணில் ஊறவைத்து அடக்கி, 1867-ல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்.

அன்றிலிருந்து கிளிசரின் போர்ச் சரக்கு. துப்பாக்கி, பீரங்கிகளுக்கான கார்டைட் வெடிமருந்தில் நைட்ரோகிளிசரின் முக்கியக் கூறு. நீலகிரியின் அருவங்காட்டில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் தொடங்கிய தொழிற்சாலைக்குக் கார்டைட் ஃபேக்டரி என்றே பெயர். முதல் உலகப் போரில் கடல் முற்றுகையால் கொழுப்பு கிடைக்காமல் திண்டாடிய ஜெர்மனி, சர்க்கரையை சல்ஃபைட் சேர்த்து நொதிக்கவைத்துக் கிளிசரின் எடுத்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு, சமையலில் மிஞ்சும் கொழுப்பைத் தகர டப்பாவில் சேர்த்து இறைச்சிக் கடையில் கொடுக்கச் சொல்லி வீடு வீடாகப் பிரசாரம் செய்தது.

அடித்தொட்டியில் என்ன இருக்கிறது?

மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரின் நிறமற்றது, தெளிவானது. பயோடீசல் ஆலையின் அடித்தொட்டியைத் திறந்தால் அந்தக் கிளிசரின் இருக்காது. வெல்லப்பாகு மாதிரிப் பழுப்பாக, பிசுக்காக, மெத்தனால் நெடியோடு ஒரு குழம்பு இருக்கும். அதில் கிளிசரின் பாதியளவும் இருக்கலாம், 80 சதவீதமும் இருக்கலாம். மிச்சமெல்லாம் மெத்தனால், தண்ணீர், சோப்பு, உப்பு, வினைபுரியாத எண்ணெய். பழைய சமையல் எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுத்தால் சோப்பின் அளவு இன்னும் கூடும். பலமுறை காய்ந்த எண்ணெயில் தனி கொழுப்பு அமிலம் அதிகம். காரம் அதைப் பிடித்து சோப்பாக்கிவிடும்.

இதைச் சுத்தம் செய்யும் வழி தெரிந்ததுதான். முதலில் அமிலம் சேர்ப்பார்கள். சோப்பு உடைந்து கொழுப்பு அமிலமாக மேலே மிதக்கும், உப்பு கீழே படியும், நடுவில் கிளிசரின் நிற்கும். மெத்தனாலை ஆவியாக்கிப் பிடித்து மறுபடி பயன்படுத்தலாம். பிறகு வருவதுதான் செலவுள்ள கட்டம். கிளிசரின் 290 டிகிரியில்தான் கொதிக்கும். அந்தச் சூட்டில் அது சிதையவும் தொடங்கிவிடும். அதனால் காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்து, குறைந்த சூட்டில் வடிக்க வேண்டும். பெரிய ஆலைக்கு இது கட்டுப்படியாகும். நாளைக்குச் சில டன் எரிபொருள் எடுக்கும் சிறிய ஆலைக்கு, வடிக்கும் செலவு சரக்கின் விலையைத் தாண்டிவிடும்.

எரித்துவிடலாமே என்றால் அதிலும் சிக்கல். டீசலில் கிடைக்கும் வெப்பத்தில் பாதிகூட கிளிசரினில் கிடைக்காது. அதிலுள்ள உப்பு உலைச் சுவரில் சாம்பலாக ஒட்டும். சூடு போதாமல் அரைகுறையாக எரிந்தால் அக்ரோலின் என்ற நச்சு ஆவி வரும். அமெரிக்காவில் சிலர் குறுக்கு வழியில் போய் நீரோடைகளில் கொட்டினார்கள். கிளிசரின் கொடிய விஷமில்லை. ஆனால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். மிசௌரி மாநிலத்தில் இப்படிக் கொட்டியதால் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து, வழக்கும் நடந்தது.

செம்பு செய்த வேலை

2004-ல் அமெரிக்க எரிசக்தித் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. தாவரங்களிலிருந்து கிடைக்கும் பொருள்களில் எவற்றை அடிப்படையாக வைத்து ரசாயனத் தொழிலை வளர்க்கலாம் என்று 12 பெயர்களைப் பட்டியலிட்டது. கிளிசரின் அதில் ஒன்று.

காரணம் அதன் மூலக்கூறு. மூன்று கார்பன் அணுக்கள். ஒவ்வொன்றிலும், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. பெட்ரோலியத்திலிருந்து வரும் மூலப்பொருள்களில் ஆக்சிஜன் கிடையாது. அதை ஏற்றத்தான் வேதியியலாளர்கள் பாடுபடுவார்கள். கிளிசரினில் ஆக்சிஜன் தேவைக்கு மேல் இருக்கிறது. இங்கே அதைக் கழற்றத்தான் பாடுபட வேண்டும். மூன்றில் எதைக் கழற்றுவது, எதை விட்டுவைப்பது என்பதை வினையூக்கி முடிவு செய்கிறது.

ஒரு ஹைட்ராக்சிலை ஓரத்திலிருந்து கழற்றி அந்த இடத்தில் ஹைட்ரஜனை வைத்தால் புரொப்பலீன் கிளைக்கால் கிடைக்கும். பாலியெஸ்டர் ரெசின், விமான இறக்கையில் உறைபனியை அகற்றும் திரவம், எஞ்சின் குளிர்விப்பான், அழகுசாதனப் பொருள், மருந்து என்று அதற்குப் பெரிய சந்தை உண்டு. வழக்கமாகப் பெட்ரோலியத்திலிருந்து வரும் பொருள் இது.

ருத்தேனியம், நிக்கல், பிளாட்டினம் ஆகியவற்றில் முயன்றால் ஒரு தொல்லை. இவை கார்பன்–ஆக்சிஜன் பிணைப்போடு கார்பன்–கார்பன் பிணைப்பையும் அறுத்துவிடும். மூன்று கார்பன் மூலக்கூறு உடைந்து எத்திலீன் கிளைக்காலும் மீத்தேனும் கலந்து வரும். செம்புக்கு அந்த முரட்டுத்தனம் இல்லை. அது கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பில் கைவைக்கும். கார்பன் முதுகெலும்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். மிசௌரி பல்கலைக்கழகத்தின் கேலன் சுப்பெஸ் இதைப் பயன்படுத்திக்கொண்டார். செம்பு குரோமைட் வினையூக்கியில் கிளிசரின் முதலில் ஒரு நீர் மூலக்கூறை இழந்து அசிட்டால் என்ற இடைப்பொருளாகும். பிறகு அசிட்டாலில் ஹைட்ரஜன் சேர்ந்து புரொப்பலீன் கிளைக்காலாகும். 200 டிகிரி சூடும், முந்தைய முறைகளைவிட மிகக் குறைந்த அழுத்தமும் போதும். 2006-ல் அமெரிக்காவின் பசுமை வேதியியலுக்கான அதிபர் விருது அவருக்குக் கிடைத்தது.

ஆய்வுக்கூடத்தோடு இது நின்றுவிடவில்லை. பெல்ஜியத்தின் எர்ட்வெல்டேயில் ஓலியான் நிறுவனம், பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் ஆண்டுக்கு 20,000 டன் தயாரிக்கும் ஆலையை 2012-ல் திறந்தது. இந்தியாவிலும் புனே தேசிய வேதியியல் ஆய்வகம், ஹைதராபாத்தின் இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகம் ஆகியவை குரோமியம் இல்லாத செம்பு வினையூக்கிகள் முதல் கிளிசரால் கார்பனேட் வரை பலவற்றில் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கின்றன.

சுத்தம் என்ற சுங்கச்சாவடி

அடித்தொட்டிக் குழம்பை அப்படியே செம்பின் மேல் ஊற்ற முடியாது. குளோரைடும் கந்தகமும் செம்பின் செயல்படும் இடங்களைப் பிடித்துக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்யும். சோடியம் உப்பு, அமில வினையூக்கிகளின் அமிலத்தன்மையை நடுநிலையாக்கிவிடும். ஆகவே, ஆய்வுக் கட்டுரையில் 99 சதவீதத் தூய கிளிசரினில் கிடைத்த விளைச்சல், ஆலையில் கிடைக்காது. கிடைக்க வேண்டுமானால் முதலில் வடிக்கும் செலவைக் கட்டியாக வேண்டும்.

வெளியே வரும் பொருளிலும் தூய்மை உயிர்ப் பிரச்சினை. கிளிசரினும் புரொப்பலீன் கிளைக்காலும் இருமல் மருந்துகளில் கரைப்பானாகச் சேரும் பொருள்கள். டை எத்திலீன் கிளைக்கால் பார்வைக்கு இவை போலவே இருக்கும், விலை குறைவு, சிறுநீரகத்தைக் கொல்லும் நஞ்சு. 2006-ல் பனாமாவில் கிளிசரின் என்ற முத்திரையோடு வந்த பீப்பாயில் இது இருந்தது. மருந்து குடித்தவர்கள் பலர் இறந்தார்கள். 2022-ல் இதே நஞ்சு கலந்த மருந்தால் காம்பியாவில் குழந்தைகள் பலியானார்கள். 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, தமிழக அரசின் மருந்து ஆய்வில் அந்த நஞ்சு 48 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. தொழில்துறைத் தரச் சரக்கு மருந்துக்குள் நுழைந்தால் நடப்பது இதுதான். கழிவிலிருந்து வரும் ரசாயனம் மருந்துத் தரத்தை எட்டலாம். அதைப் பீப்பாய் பீப்பாயாகச் சோதித்து நிரூபிக்க வேண்டும்.

கண் எரியும் நெடி

அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு மறந்துபோனால் புகை கிளம்பும். கண் எரியும், தொண்டை கமறும். அந்த நெடியின் பெயர் அக்ரோலின். எண்ணெயிலிருந்து கழன்ற கிளிசரின், சூட்டில் இரண்டு நீர் மூலக்கூறுகளை இழக்கும்போது பிறப்பது.

சமையலறையில் வேண்டாத இந்தப் பொருளுக்குத் தொழிலில் மதிப்பு அதிகம். அக்ரோலினை ஆக்சிஜனேற்றினால் அக்ரிலிக் அமிலம். அதிலிருந்து குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தை உறிஞ்சும் பொடி வருகிறது. அக்ரோலினே மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்துக்கும் தொடக்கப் பொருள். நாமக்கல் போன்ற கோழிப்பண்ணை வட்டாரங்களில் மெத்தியோனின் தீவனத்தில் சேர்க்கும் அன்றாடச் சரக்கு.

வேதியியல் சுலபமானது. சியோலைட், டங்ஸ்டன் கலந்த சிர்கோனியா போன்ற அமில வினையூக்கியின் மேல் 250 முதல் 320 டிகிரியில் கிளிசரின் ஆவியைச் செலுத்தினால் அக்ரோலின் நல்ல விளைச்சலோடு வரும். பிரான்ஸின் ஆர்க்கேமா, ஜப்பானின் நிப்பான் ஷோக்குபாய் போன்ற பெரிய நிறுவனங்களெல்லாம் இதில் இறங்கின. முட்டுக்கட்டை போட்டது கரி. அக்ரோலின் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசினாகி, வினையூக்கியின் நுண்துளைகளில் கரியாகப் படியும். சில மணி நேரத்திலேயே வேகம் குறையத் தொடங்கும். காற்று செலுத்தி கரியை எரித்து, மறுபடி தொடங்க வேண்டும். ஆலை ஓடும் நேரத்தில் பெரும்பங்கு இந்தத் துப்புரவில் கழிந்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரொப்பலீன் ஆலையோடு எப்படிப் போட்டியிடுவது?

பெட்டிச் செய்தி: வேறு என்னென்ன ஆகிறது?

• கிளிசரிக் அமிலம்: தங்கத்துக்கு வினையூக்கும் ஆற்றல் இல்லை என்று நெடுங்காலம் நம்பினார்கள். கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் கிரகாம் ஹட்சிங்ஸ் குழு 2002-ல் கரித்தூளில் பொதிந்த நுண்தங்கத் துகளைக் கொண்டு, காரக் கரைசலில் கிளிசரினை கிளிசரிக் அமிலமாக மட்டும் மாற்றிக் காட்டியது.

• ஹைட்ரஜன்: விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டுமெசிக் குழு 2002-ல் வெளியிட்ட முறை. பிளாட்டினத்தின் மேல், ஆவியாகாத சுடுநீரிலேயே வினை நடக்கும். ஒரு கிளிசரினும் மூன்று நீரும் முழுமையாக வினைபுரிந்தால் ஏழு ஹைட்ரஜன் மூலக்கூறுகள் கிடைக்கும்.

• சால்கெட்டால்: அமில வினையூக்கியில் அசிட்டோனோடு சேர்த்தால் வரும் கரைப்பான். பிரேசிலில் பெயின்ட், துப்புரவுப் பொருள்களுக்காக வணிக அளவில் தயாராகிறது.

• 1,3-புரொப்பேன்டையால்: நடுக் கார்பனிலுள்ள ஹைட்ராக்சிலை மட்டும் கழற்ற வேண்டும். இரிடியம்–ரீனியம், பிளாட்டினம்–டங்ஸ்டன் கூட்டணிகள் ஓரளவு சாதிக்கின்றன. கம்பள இழை தயாரிப்பில் இதற்குக் கிராக்கி. உலோகங்களின் விலைதான் தடை.

வென்ற வழி

பந்தயத்தில் முந்தியது, ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் பேசப்படாத எபிகுளோரோஹைட்ரின். எபாக்சி ரெசினுக்கு இதுதான் ஆதாரம். தரைக்குப் பூசும் எபாக்சி, கணினியின் சர்க்யூட் போர்டு, கப்பல் பெயின்ட், காற்றாலை இறக்கை எல்லாவற்றிலும் எபாக்சி இருக்கிறது.

பழைய முறையில் புரொப்பலீனையும் குளோரினையும் சுமார் 500 டிகிரியில் மோதவிட்டுத் தொடங்க வேண்டும். உள்ளே போகும் நான்கு குளோரின் அணுக்களில் ஒன்றுதான் கடைசிப் பொருளில் தங்கும். மற்ற மூன்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் உப்பாகவும் வெளியேறும். கூடவே குளோரின் கலந்த கரிமக் கழிவும் ஏராளமான கழிவுநீரும் சேரும்.

கிளிசரின் வழியில் குளோரின் வாயு வேண்டாம். ஹைட்ரஜன் குளோரைடு போதும். அடிப்பிக் அமிலம் போன்ற கரிம அமிலம் ஒன்றைக் கொஞ்சம் வினையூக்கியாகச் சேர்த்து, 110–120 டிகிரியில் கிளிசரினுக்குள் ஹைட்ரஜன் குளோரைடைச் செலுத்துகிறார்கள். மூன்று ஹைட்ராக்சில்களில் இரண்டு கழன்று குளோரின் ஏறும். பிறகு காஸ்டிக் சோடா சேர்த்தால் எபிகுளோரோஹைட்ரின் தயார். இரண்டு குளோரின் அணு போனால் ஒன்று பொருளில் தங்குகிறது. பழைய முறையில் வரும் இடைப்பொருளில் இரண்டு வடிவங்கள் கலந்திருக்கும். கிளிசரின் முறையில் பெரும்பகுதி, காஸ்டிக்கோடு வேகமாக வினைபுரியும் வடிவமாகவே வருகிறது.

இன்னொரு அனுகூலமும் இருக்கிறது. வினையூக்கி திரவத்திலேயே கரைந்திருப்பதால், கரி படிய மேற்பரப்பே கிடையாது. ஹைட்ரஜன் குளோரைடோ பல குளோரின் ஆலைகளில் விற்க முடியாமல் தேங்கும் துணைப்பொருள். இரண்டு மிச்சங்களைச் சேர்த்து ஒரு சந்தைச் சரக்கு செய்கிறார்கள். சந்தையும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. எபாக்சிக்காரர்கள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பவர்கள்.

தவோவில் ஆண்டுக்கு 10,000 டன்னில் தொடங்கிய சால்வே, 2012-ல் தாய்லாந்தின் மாப் தா புட்டில் 1 லட்சம் டன் ஆலையை ஓடவிட்டது. சீன நிறுவனங்கள் வரிசையாக இந்த வழிக்கு வந்தன. இன்று உலகச் சந்தையில் கிளிசரினை அதிகம் வாங்கும் நாடு சீனா. பெரும்பகுதி எபிகுளோரோஹைட்ரினுக்காகவே போகிறது.

விலை ஏறியபோது

எதிர்ப்பக்க அனுபவம் நெதர்லாந்தின் டெல்ஃப்ஸைலில் கிடைத்தது. இயற்கை எரிவாயு விலையால் முடங்கிய ஒரு மெத்தனால் ஆலையை 2006-ல் வாங்கிய பயோஎம்சிஎன் நிறுவனம், கிளிசரினிலிருந்து மெத்தனால் எடுக்கும் திட்டத்தோடு களமிறங்கியது. 2010-ல் ஆண்டுக்கு 2 லட்சம் டன் திறனோடு உற்பத்தி தொடங்கியது. கிளிசரினைச் சுத்திகரித்து ஆவியாக்கி, நீராவியோடு சேர்த்து உடைத்து, கிடைத்த வாயுவிலிருந்து மெத்தனால். பயோடீசலுக்கு மெத்தனால் தேவை. அதிலிருந்து வரும் கிளிசரினே மறுபடி மெத்தனாலாகிறது. காகிதத்தில் அழகான வட்டம்.

கிளிசரினுக்கு விலை இல்லாதவரை அந்த வட்டம் சுற்றும். எபிகுளோரோஹைட்ரின்காரர்களும் மற்றவர்களும் வாங்கத் தொடங்கி விலை ஏறியதும், நல்ல விலைப் பொருளை மலிவு விலை மெத்தனாலாக்கும் வேலையாக அது மாறியது. டெல்ஃப்ஸைல் ஆலை பின்னர் உயிரிவாயுவுக்குத் தாவியது. வினையூக்கி அங்கே தோற்கவில்லை. மூன்று கார்பன் மூலக்கூறை முழுவதும் சிதைத்து ஒரு கார்பன் மூலக்கூறாக்கினால், அதில் பொதிந்திருந்த மதிப்பும் சிதைந்துவிடுகிறது.

2020-ல் வேறுவிதமான அடி. ஊரடங்கில் வண்டிகள் நின்றன, எரிபொருள் விற்பனை சரிந்தது, பயோடீசல் ஆலைகள் வேகத்தைக் குறைத்தன. அதே சமயம் சோப்புக்கும் சானிடைசருக்கும் தேவை எகிறியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் சானிடைசர் சூத்திரத்தில் 1.45 சதவீதம் கிளிசரின் உண்டு. தோல் வறண்டுபோகாமல் காப்பதற்காகச் சேர்ப்பது அது. கொட்டிக் கிடந்த சரக்கு சிறிது காலத்துக்குக் கைக்கெட்டாத சரக்கானது.

இந்தியக் கணக்கு

இந்தியாவின் பயோடீசல் கனவு காட்டாமணக்கில் தொடங்கியது. 2000-களில் தமிழகத்திலும் தரிசு நிலங்களில் அதை நடச் சொல்லி ஊக்கப்படுத்தினார்கள். எதிர்பார்த்த விளைச்சல் வராமல் விவசாயிகள் கைவிட்டார்கள். 2018-ன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் என்று இலக்கு வைத்தது. அதே ஆண்டு, எண்ணெய் கெட்டதைக் காட்டும் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய சமையல் எண்ணெயை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்ற விதி வந்தது. ஓட்டல்களிலிருந்து பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது. நல்ல திட்டம்தான். ஆனால், பழைய எண்ணெயில் வரும் கிளிசரின்தான் எல்லாவற்றிலும் அழுக்கானது. சேகரிப்பு பெருகினால், சிறு ஆலைகளின் அடித்தொட்டிகளைக் கூட்டாக வடிக்கும் வசதியும் கூடவே வர வேண்டும்.

பெரிய ஆலைகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. காக்கிநாடாவில் ஆண்டுக்கு 5 கோடி கேலன் திறனில் தொடங்கிய பயோடீசல் ஆலை, கிளிசரின் சுத்திகரிப்பையும் அதே வளாகத்தில் வைத்திருக்கிறது. குஜராத்தின் தஹேஜில் மேக்மணி ஃபைன்கெம் 2022-ல் ஆண்டுக்கு 50,000 டன் எபிகுளோரோஹைட்ரின் ஆலையைத் தொடங்கியது. மூலப்பொருள் கிளிசரின். அதுவரை இந்தியா எபிகுளோரோஹைட்ரினை இறக்குமதி செய்துவந்தது. இனி எபிகுளோரோஹைட்ரின் இறக்குமதி குறையலாம். உள்நாட்டு பயோடீசல் வளராவிட்டால், அந்த இடத்தில் இந்தோனேசிய, மலேசியக் கிளிசரின் இறங்கும்.

அந்த வரத்தும் நிரந்தரமென்று சொல்ல முடியாது. ஃபின்லாந்தின் நெஸ்டே போன்ற நிறுவனங்கள் எண்ணெயை மெத்தனாலோடு சேர்ப்பதில்லை. ஹைட்ரஜனோடு சேர்த்து, பெட்ரோலிய டீசலுக்கு நிகரான எரிபொருள் எடுக்கிறார்கள். இம்முறையில் கிளிசரின் முதுகெலும்பு புரொப்பேன் வாயுவாகிவிடும். அடித்தொட்டியில் கிளிசரின் தங்காது. அமெரிக்காவில் 2023-ன் தொடக்கத்திலேயே இவ்வகை ஆலைகளின் உற்பத்தித் திறன் பயோடீசல் ஆலைகளை முந்திவிட்டது. மறுபக்கம் பிரேசில் 2025 ஆகஸ்டில் பயோடீசல் கலப்பு விகிதத்தை 15 சதவீதமாக்கியது. இந்தோனேசியா 50 சதவீதத்துக்குத் திட்டமிடுகிறது. ஓரிடத்தில் குழாய் சிறுத்தால், இன்னோரிடத்தில் பெருக்கிறது.

இந்த ஆட்டத்தில் நிதானமாக நடந்துகொண்ட ஆலை ஒன்று அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் டெகேட்டர் நகரில் இருக்கிறது. மக்காச்சோளமும் சோயாவும் குவியும் ஊர் அது. ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் அங்கே ஆண்டுக்கு 1 லட்சம் டன் புரொப்பலீன் கிளைக்கால் எடுக்கும் ஆலையைக் கட்டியபோது, அதைக் கிளிசரினுக்கு மட்டுமென்று வடிவமைக்கவில்லை. மக்காச்சோளச் சர்க்கரையிலிருந்து வரும் சார்பிட்டாலையும் அதே வளாகத்தில் பயன்படுத்தலாம். கிளிசரின் மலிந்தால் கிளிசரின், ஏறினால் சார்பிட்டால். கொள்முதல் பிரிவு அன்றன்றைய விலையைப் பார்த்துச் சொல்வதே உலைக்குள் போகிறது.